சர்க்கரை நோய் இல்லாதவருக்கு விழித்திரையில் ரத்தக் கசிவு ஏன்?

கொங்குப் பகுதியிலிருந்து 53 வயது வாசகர் ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். சிறிய அச்சகம் ஒன்றை நடத்திவருகிறார். படிக்கும் கண்ணாடியை மாற்றப் போன இடத்தில், சொட்டு மருந்து விட்டுப் பரிசோதித்த கண் மருத்துவர், இரண்டு கண்களின் விழித்திரையிலும் சிறு ரத்தக் கசிவுகளும் பஞ்சு ஒட்டியது போன்ற வெண்புள்ளிகளும் இருப்பதாகவும், வலது கண்ணில் அவை சற்று அதிகம் என்றும் கூறி, சீட்டில் ‘ரெட்டினோபதி’ என்று எழுதி, சர்க்கரையைப் பார்த்துக்கொண்டு விழித்திரை மருத்துவரிடம் போகச் சொல்லியிருக்கிறார். வாசகர் இரண்டு ஆய்வகங்களில் பார்த்துவிட்டார். வெறும் வயிற்றில் 96, சாப்பிட்ட பின் 132, மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி 5.8. பத்து ஆண்டுகளாகச் சர்க்கரை நோயுள்ள மனைவிக்கு விழித்திரையில் எந்தக் குறையும் இல்லை. நோயே இல்லாத தனக்கு எப்படி வந்தது என்பது அவருடைய முதல் கேள்வி. ஆய்வக முடிவு தவறாக இருக்கலாம் என்ற ஐயத்தில், இரண்டு வாரமாக மனைவியின் சர்க்கரை மாத்திரையில் பாதியைத் தானும் விழுங்கிவருகிறார்.

கடிதத்தின் பிற்பகுதியில், போகிற போக்கில் சில செய்திகள் வருகின்றன. கண் மருத்துவமனையில் பார்த்தபோது ரத்த அழுத்தம் 168/104. ‘அது பயத்தில் ஏறியது’ என்கிறார். நான்கு ஆண்டுகளுக்கு முன் பிரஷர் மாத்திரை தொடங்கி, அளவு சரியானதும் மூன்றே மாதத்தில் நிறுத்திவிட்டார். நாளுக்கு ஏழெட்டு சிகரெட். முதுகுவலிக்கு மருந்துக் கடையில் அடிக்கடி வாங்கிப் போடும் வலி மாத்திரை. தூக்கத்தில் பலத்த குறட்டை. தந்தை 61 வயதில் பக்கவாதத்தால் இறந்தவர். பார்வை தெளிவாக இருப்பதால் இப்போதே ஏதாவது செய்ய வேண்டுமா, லேசரோ ஊசியோ தேவைப்படுமா, பொன்னாங்கண்ணியும் கண் சத்து மாத்திரையும் போதுமா, இரவில் கைபேசி பார்த்ததால் வந்ததா என்று கேட்கிறார்.

அன்புள்ள வாசகருக்கு,

முதலில் இன்றே செய்ய வேண்டியது ஒன்று: மனைவியின் மாத்திரையை நிறுத்திவிடுங்கள். அதன் பெயரை நீங்கள் எழுதவில்லை. கிளிமிபிரைட் போன்ற மாத்திரையாக இருந்தால், சர்க்கரை நோய் இல்லாத உடலில் அது சர்க்கரையை அபாயமான அளவுக்கு இறக்கி, வியர்வை, நடுக்கம், மயக்கம் வரை கொண்டுபோகக் கூடியது. இயந்திரங்களுக்கு நடுவில் நிற்கிற உங்களுக்கு அது கூடுதல் ஆபத்து. ஆபத்து இல்லாத வகை மாத்திரையாகவே இருந்தாலும், இனி எடுக்கவிருக்கும் சர்க்கரைப் பரிசோதனைகளை அது குழப்பிவிடும். கண்ணில் தெரிந்த மாற்றத்தை அந்த மாத்திரை சரிசெய்யவும் போவதில்லை.

அடுத்தது, நீங்கள் கடிதத்தின் கடைசியில் தள்ளிவைத்த செய்திகளைத்தான் நான் முதலில் படிக்க விரும்புகிறேன். சர்க்கரை இல்லை என்று தெரிந்ததும் மருத்துவரின் கண்டுபிடிப்பே தவறு என்றோ ஆய்வகம் தவறு என்றோ முடிவுக்கு வருவது இயல்புதான். ஆனால் ரெட்டினோபதி என்பது விழித்திரையின் நுண்ணிய ரத்தக் குழாய்கள் பழுதுபட்டிருப்பதைக் குறிக்கும் பொதுப்பெயர். அதற்குச் சர்க்கரை நோய் பெருங்காரணம். ஒரே காரணம் அன்று. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்துப் பீவர் டேமிலும், ஆஸ்திரேலியாவின் ப்ளூ மவுண்டன்ஸ் பகுதியிலும், வேறு சில இடங்களிலும் பொதுமக்களின் விழித்திரையைப் படமெடுத்து நடத்திய ஆய்வுகளில், சர்க்கரை நோய் இல்லாத 40 வயதைக் கடந்தவர்களில் நூற்றுக்கு 2 முதல் 14 பேருக்கு இத்தகைய மாற்றங்கள் காணப்பட்டன. அவர்களில் பலருக்கு எந்த அறிகுறியும் இல்லை. எனவே நீங்கள் விதிவிலக்கு இல்லை.

சர்க்கரை முடிவுகளை எப்படிப் படிப்பது

இரண்டு ஆய்வகங்கள் ஒரே திசையைக் காட்டுவதால், உங்களுக்குச் சர்க்கரை நோய் இல்லை என்பதை ஏற்கலாம். ஆனால் ‘சர்க்கரை முழுக்க இயல்பு’ என்று நீங்கள் எழுதியிருப்பதைச் சற்றுத் திருத்த வேண்டியிருக்கிறது. ஹெச்பிஏ1சி 6.5-ஐ எட்டினால் சர்க்கரை நோய், 5.7 முதல் 6.4 வரை அதற்கு முந்தைய நிலை. உங்கள் 5.8 அந்த எல்லையின் வாசற்படியில் நிற்கிறது. இந்த முந்தைய நிலையிலேயே சிலருக்கு விழித்திரையில் மாற்றம் வருவதுண்டு. அமெரிக்காவில் சர்க்கரை நோய்த் தடுப்புக்காக நடந்த பெரிய ஆய்வில், இன்னும் நோயாக மாறாத அத்தகையவர்களில் ஏறத்தாழ நூற்றுக்கு எட்டுப் பேருக்கு ரெட்டினோபதி இருந்தது. இரும்புச் சத்துக் குறைவால் வரும் ரத்த சோகை இருந்தால் ஹெச்பிஏ1சி உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டலாம் என்பதையும் கவனத்தில் கொள்ள வேண்டும். மாத்திரையை நிறுத்திச் சில நாள் கழித்து, 75 கிராம் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரத்துக்குப் பின் பார்க்கும் சோதனையை ஒருமுறை செய்துவிட்டால் இந்தப் பக்கம் தெளிவாகிவிடும். அதோடு சர்க்கரையைத் தேடுவதை நிறுத்திக்கொள்ளலாம். மூன்றாவது, நான்காவது ஆய்வகத்துக்குப் போவதில் பயனில்லை.

மனைவியின் விழித்திரை நன்றாக இருப்பதில் புதிர் ஒன்றும் இல்லை. பத்தாண்டுகளாகச் சர்க்கரையையும் அழுத்தத்தையும் கட்டுக்குள் வைத்திருப்பவர்களுக்கு விழித்திரை பாதிக்கப்படாமலே இருக்கலாம். அவர் ஒழுங்காக மாத்திரை போடுகிறார் என்றும் நீங்கள் உங்கள் பிரஷர் மாத்திரையைப் போடவில்லை என்றும் உங்கள் கடிதமே சொல்கிறது.

ரத்த அழுத்தமே முதல் சந்தேகம்

உங்கள் விழித்திரைப் படத்தை நான் பார்க்கவில்லை. ஆகவே உறுதியாகச் சொல்ல எனக்கு உரிமையில்லை. இருந்தாலும், ரத்தக் கசிவோடு பஞ்சு போன்ற வெண்புள்ளிகள், 168/104 என்ற அளவு, நிறுத்தப்பட்ட மாத்திரை, தந்தையின் பக்கவாதம், புகைப்பழக்கம் ஆகியவற்றைச் சேர்த்துப் பார்க்கும் எந்த மருத்துவரும் முதலில் உயர் ரத்த அழுத்தத்தைத்தான் சந்தேகிப்பார்.

நடப்பது இதுதான். அழுத்தம் ஏறும்போது விழித்திரையின் தமனிகள் தங்களைச் சுருக்கிக்கொண்டு உள்ளே பாயும் ரத்தத்தை மட்டுப்படுத்தப் பார்க்கின்றன. ஆண்டுக்கணக்கில் இப்படிச் சுருங்கி நின்றால் அவற்றின் சுவர் தடித்து இறுகுகிறது. தமனியும் சிரையும் ஒன்றையொன்று குறுக்கிடும் இடங்களில் இரண்டுக்கும் பொதுவான உறை உண்டு; இறுகிய தமனி அங்கே மெல்லிய சிரையை அமுக்குகிறது. அழுத்தம் இன்னும் ஏறினால் குழாய்ச் சுவர் தாங்காமல் ரத்தமும் நீரும் கசிகின்றன. நரம்பிழைகளின் ஓட்டத்தோடு பரவுவதால் அந்தக் கசிவு தீக்கொழுந்து வடிவில் தெரியும். நுண்குழாய் அடைபட்டு ரத்தம் போகாத இடத்தில் நரம்பிழைகள் வீங்குவதுதான் அந்தப் பஞ்சுப் புள்ளி. 1939-இல் கீத், வாகனர், பார்க்கர் என்ற மருத்துவர்கள் இந்த மாற்றங்களை நான்கு நிலைகளாகப் பிரித்தார்கள். கசிவும் பஞ்சுப் புள்ளியும் மூன்றாம் நிலையில் வரும். பார்வை நரம்பின் தலைப்பகுதியும் வீங்கினால் அது நான்காம் நிலை, அதாவது மருத்துவமனையில் சேர்த்துக் கவனிக்க வேண்டிய அவசரம். நரம்புத் தலை எப்படி இருக்கிறது என்று உங்கள் மருத்துவர் சொன்னதாகக் கடிதத்தில் இல்லை. அதை இந்த வாரமே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

‘பயத்தில் ஏறியது’ என்ற உங்கள் விளக்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை. மருத்துவமனையைக் கண்டதும் அழுத்தம் ஏறுவது உண்மைதான். ஆனால் ஒரு பத்து நிமிடப் பயம் விழித்திரையில் பஞ்சுப் புள்ளியை உண்டாக்காது. தலைசுற்றல், தலைவலி எதுவுமில்லை என்பதும் ஆறுதல் தராது; உயர் ரத்த அழுத்தமுள்ள பெரும்பாலோருக்கு ஒன்றும் தெரிவதில்லை. நான்கு ஆண்டுகளுக்கு முன் அளவு சரியானது மாத்திரையால்தான். அது சரியானதையே மாத்திரையை நிறுத்தக் காரணமாகக் கொண்டீர்கள். நம் ஊரில் மிகப் பலர் செய்வது இது. ஒருமுறை தொடங்கினால் விட முடியாது என்ற அச்சமும் இதற்குப் பின்னால் இருக்கிறது. எடையும் உப்பும் குறைந்து, குறட்டைக்குச் சிகிச்சை எடுத்து, மருத்துவரின் கண்காணிப்பில் மாத்திரையைக் குறைத்தவர்கள் உண்டு. தாமாக நிறுத்தியவர்களின் கதை வேறு.

ஒரு தானியங்கிக் கருவி வாங்கி, மேல்கையில் பட்டை கட்டி அளவிடுங்கள். புகைத்தோ காபி குடித்தோ அரை மணியாவது கடந்திருக்க வேண்டும். ஐந்து நிமிடம் பேசாமல் சாய்ந்து உட்கார்ந்த பிறகு, காலையும் மாலையும் இரண்டிரண்டு முறை, ஏழு நாள் குறித்து வையுங்கள். வீட்டில் எடுத்த சராசரி 135/85-ஐத் தாண்டினால் அது பயத்தின் கணக்கில் சேராது. இதற்காகப் பொது மருத்துவரைப் பார்ப்பதைத் தள்ளிப்போட வேண்டாம்; இரண்டு மூன்று நாளுக்குள் அவரைப் பார்த்துச் சிகிச்சை தொடங்கிவிட்டு, குறிப்பேட்டை அடுத்த சந்திப்புக்கு எடுத்துப் போகலாம். செலவு ஒரு தடை என்றால், அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் பிரஷர் மாத்திரை இலவசம். 2021-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள்.

இதிலும் ஓர் எச்சரிக்கை உண்டு. பழைய மாத்திரையை எடுத்து இரட்டிப்பாகப் போட்டு ஒரே நாளில் அழுத்தத்தை இறக்கப் பார்க்காதீர்கள். நெடுநாள் உயர்ந்த அழுத்தத்துக்குப் பழகிய மூளையும் பார்வை நரம்பும் திடீர் இறக்கத்தில் ரத்தம் கிடைக்காமல் பாதிக்கப்படலாம். சில வாரங்களில் படிப்படியாக இறங்குவதுதான் பாதுகாப்பு.

அழுத்தத்தை ஏற்றும் சில பொருள்கள் உங்கள் வீட்டிலேயே இருக்கின்றன. டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகள் உடலில் உப்பையும் நீரையும் தேக்கி அழுத்தத்தை ஏற்றும், சிறுநீரகத்தையும் கெடுக்கும். முதுகுவலிக்கு வேறு வழியை மருத்துவரிடம் கேளுங்கள். நாட்டு மருந்தோ பொடியோ எடுத்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். சிலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருப்பதுண்டு. புகைப்பவர்களில் பலர் தொண்டைக் கமறலுக்கு அதிமதுரத்தைச் சுவைத்துக்கொண்டே இருப்பார்கள். தொடர்ந்து அதிகம் எடுத்தால் அதுவும் அழுத்தத்தை ஏற்றிப் பொட்டாசியத்தைக் குறைக்கும். பலத்த குறட்டையோடு மூச்சு நின்று நின்று வருகிறதா என்று மனைவியைக் கேளுங்கள். ஆம் என்றால் தூக்க ஆய்வு தேவை. அந்தக் கோளாறு மாத்திரைக்கு அடங்காத ரத்த அழுத்தத்துக்கு ஒரு முக்கியக் காரணம்.

வேறு எவற்றைத் தேட வேண்டும்

அழுத்தம் முதல் சந்தேகம் என்பதற்காக மற்றவற்றைப் பார்க்காமல் விட முடியாது. ரத்த அணுக்களின் முழு எண்ணிக்கை மலிவான, ஆனால் தவிர்க்கக் கூடாத சோதனை. ஹீமோகுளோபின் 8-க்குக் கீழே போனால், அதோடு தட்டணுக்களும் குறைந்தால், விழித்திரையில் ரத்தம் கசியலாம். அபூர்வமாக ரத்தப் புற்றுநோய் முதன்முதலில் கண்ணில்தான் தன்னைக் காட்டிக்கொள்கிறது. சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின், சிறுநீரில் புரதம், கொலஸ்ட்ரால், இசிஜி ஆகியவை உங்கள் வயதிலும் நிலையிலும் கட்டாயம் வேண்டும். விழித்திரையும் சிறுநீரகமும் நுண்குழாய்கள் நிறைந்தவை; ஒன்றில் கசிவு தெரிந்தால் மற்றொன்றையும் பார்த்துவிடுவது வழக்கம்.

வலது கண்ணில் அதிகம் என்பது என்னைச் சற்று யோசிக்க வைக்கிறது. ரத்த அழுத்தம் பொதுவாக இரு கண்களையும் ஏறத்தாழ ஒரே அளவில் தாக்கும். ஒரு பக்கம் கூடுதல் என்றால் இரண்டு வழிகளில் எண்ண வேண்டும். அந்தக் கண்ணில் சிரையின் கிளை ஒன்று அடைபடத் தொடங்கியிருக்கலாம். அழுத்தம், கொலஸ்ட்ரால், புகை, கண்நீர் அழுத்தம் (கண்ணுக்குள் இருக்கும் நீரின் அழுத்தம்) என்ற நான்கும் அதற்கு ஆபத்துக் காரணிகள் என்பதால் கண்நீர் அழுத்தத்தையும் அளந்து பார்க்கச் சொல்லுங்கள். மற்றொன்று, கழுத்துத் தமனியில் அடைப்பு. அடைப்புள்ள பக்கத்துக் கண்ணில் ரத்தம் போதாமல் கசிவு வருவது ஒரு வகை. இதற்கு நேர்மாறாக, அடைப்பு அந்தப் பக்கத்துக் கண்ணை உயர் அழுத்தத்திலிருந்து காத்து, அடைப்பில்லாத பக்கத்தில் மாற்றம் கூடுதலாகத் தெரிவதும் உண்டு. ஆகவே கழுத்தின் இருபுறமும் ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேன் எடுத்துவிடுவது நல்லது. தந்தையின் வரலாறும் உங்கள் சிகரெட்டும் இருக்கும்போது இதை வீண் செலவு என்று நான் சொல்லமாட்டேன்.

இதே கடிதத்தை 25 வயது இளைஞர் எழுதியிருந்தால் என் பதில் வேறு திசையில் போயிருக்கும். இளம் ஆண்களுக்கு, குறிப்பாக இந்தியத் துணைக்கண்டத்தில், விழித்திரைச் சிரைகள் அழன்று கண்ணுக்குள் ரத்தம் கொட்டும் ஈல்ஸ் நோய் உண்டு. 1880-இல் விவரிக்கப்பட்ட அந்த நோயில் காசநோயின் தொடர்பைத் தேடுவது வழக்கம். முடக்குவாதத்துக்கு ஹைட்ராக்சிகுளோரோகுயின் எடுப்பவர்களுக்கு வரும் விழித்திரைப் பாதிப்பும் தனி வகை. அவர்களுக்குத் தொடக்கத்தில் ஒருமுறையும், ஐந்து ஆண்டுகளுக்குப் பின் ஆண்டுதோறும் பரிசோதனை வேண்டும். உங்களுக்கு இவை பொருந்தவில்லை.

எல்லாச் சோதனைகளும் முடிந்தும் காரணம் கிடைக்காதவர்கள் உண்டு என்பதையும் சொல்லியாக வேண்டும். ப்ளூ மவுண்டன்ஸ் ஆய்வில், சர்க்கரை நோயில்லாத பெரும்பாலோருக்கு இந்தப் புள்ளிகள் ஐந்து ஆண்டுகளுக்குள் தாமாகவே மறைந்திருந்தன. ஆனால் உங்கள் அழுத்தம் 168/104 ஆக இருக்கும்போது அந்தக் கணக்கில் உங்களைச் சேர்த்துக்கொண்டு காத்திருப்பதை நான் ஏற்கமாட்டேன்.

லேசரா, ஊசியா, கீரையா

கண்ணாடி போட்டதும் கடைசி வரிவரை படிக்க முடிந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். அது நல்ல செய்தி; ஆனால் அதற்கு, பார்வையின் நடுப்பகுதியான மாக்குலாவில் இன்னும் வீக்கம் வரவில்லை என்பதுதான் பெரும்பாலும் பொருள். விழித்திரையின் அடுக்குகளைப் படமெடுக்கும் ஓசிடி ஸ்கேன் எடுத்தால் இது உறுதியாகும். ஊசி குத்தாத, வலி இல்லாத, சில நிமிட வேலை. மாக்குலா வீங்கியிருந்தால் மட்டுமே பெவாசிசுமாப், ரானிபிசுமாப் போன்ற மருந்தைக் கண்ணுக்குள் ஊசியாகப் போடுவது பற்றிப் பேச வேண்டும். ரத்தம் கிடைக்காத விழித்திரையில் புதிய, பலவீனமான குழாய்கள் முளைத்தால்தான் லேசர். நீங்கள் விவரித்த நிலையில் கண்ணுக்கென்று தனிச் சிகிச்சை இப்போது தேவைப்படாமலே போகலாம். அழுத்தம் கட்டுக்குள் வந்தால் பஞ்சுப் புள்ளிகள் பொதுவாக ஆறு முதல் பன்னிரண்டு வாரங்களில் மங்கி மறையும், கசிவுகளும் அப்படியே. கண்ணில் ஒன்றும் செய்யவில்லையே என்று அப்போது மருத்துவரைக் குறை சொல்லாதீர்கள்.

பொன்னாங்கண்ணி நல்ல கீரை. உப்பைக் குறைத்துச் சமைத்துச் சாப்பிடுங்கள். அது கசிவை நிறுத்தும் என்று நம்பி மாத்திரையை விடுவதுதான் தவறு. கண் சத்து மாத்திரை விஷயத்தில் இன்னும் கண்டிப்பாக இருப்பேன். அவை வயது முதிர்வால் வரும் மாக்குலாச் சிதைவின் ஒரு குறிப்பிட்ட கட்டத்துக்கானவை; உங்கள் பிரச்சினை அது இல்லை. தவிர, பீட்டா கரோட்டின் மாத்திரை புகைப்பவர்களுக்கு நுரையீரல் புற்றுநோயைக் கூட்டுகிறது என்று பெரிய ஆய்வுகளில் தெரிந்திருக்கிறது. பெட்டியின் பின்புறம் அந்தப் பெயர் இருந்தால் உடனே நிறுத்துங்கள். கைபேசி கண்ணை வறட்டும், தூக்கத்தைக் கெடுக்கும். விழித்திரையில் ரத்தக் கசிவை உண்டாக்காது. உப்பு நாளுக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டிக்கும் குறைவாக இருக்க வேண்டும். ஊறுகாய், அப்பளம், கருவாடு எல்லாம் அந்தக் கணக்கில் சேரும். சிகரெட்டைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, நான் சொல்லாமல் விடவும் முடியாது: குறைப்பதில் அவ்வளவாகப் பலன் இல்லை, விட்டுவிட வேண்டும்.

காத்திருக்கக் கூடாத அறிகுறிகள்

ஒரு கண்ணில் வலியே இல்லாமல் திடீரென்று பார்வை போனாலோ, திரை இறங்கியது போல் இருண்டு சில நிமிடத்தில் தெளிந்தாலோ, அதைப் பக்கவாதத்துக்கு நிகராக எடுத்துக்கொண்டு, மறுநாள் காலைக்குக் காத்திராமல், பக்கவாதச் சிகிச்சை வசதியுள்ள பெரிய மருத்துவமனைக்கு உடனே போக வேண்டும். விழித்திரைத் தமனி அடைபட்டால் சில மணி நேரத்தில் இழப்பு நிரந்தரமாகிவிடும். தெளிந்துவிட்டதே என்று வீட்டில் இருந்தவர்களுக்கு அடுத்த சில நாளில் மூளையில் அடைப்பு வரக்கூடும். அழுத்தம் 180/120-ஐத் தாண்டி, கூடவே கடுந்தலைவலி, மங்கல், நெஞ்சுவலி, மூச்சிரைப்பு இருந்தாலும் அதே அவசரம்தான். கண்ணுக்குள் கரும்புள்ளிகள் மழையாகக் கொட்டுவது, மின்னல் வெட்டுவது போன்றவை வந்தால் அன்றே கண் மருத்துவரைப் பாருங்கள்.

விழித்திரையில் இந்த அளவு மாற்றம் உள்ளவர்களுக்குப் பக்கவாதம் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் கூடுதல் என்பது நெடுநாள் கண்காணிப்பு ஆய்வுகளில் தெரிந்த உண்மை. தந்தையின் வயதை நீங்கள் குறிப்பிட்டிருந்ததால் இதை மறைக்காமல் சொல்கிறேன். அந்த வாய்ப்பைக் குறைக்கும் வழி உங்கள் கையில் இருக்கிறது. அதற்கு இன்னும் நேரமும் இருக்கிறது.

நடைமுறையில் மீதமுள்ளவை சில. சீட்டை மட்டும் கொடுத்து விழித்திரைப் படத்தைத் தரவில்லை என்று எழுதியிருந்தீர்கள். மருத்துவப் பதிவேடுகளின் நகலைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று 2002-ஆம் ஆண்டின் மருத்துவ நடத்தை ஒழுங்குமுறைகள் சொல்கின்றன; எழுத்தில் கேட்டு வாங்குங்கள். விழித்திரை மருத்துவரைப் பத்து நாளுக்குள் பாருங்கள். அருகில் தனி மருத்துவர் இல்லையென்றால் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் கண் பிரிவே போதுமானது. அங்கேயும் சொட்டு மருந்து விடுவார்கள். சில மணி நேரத்துக்குக் கூச்சமும் மங்கலும் இருக்கும் என்பதால் அன்று இருசக்கர வண்டியை எடுக்காமல் யாரையாவது உடன் அழைத்துப் போங்கள். மற்ற நாட்களில், இப்போதுள்ள பார்வையோடு வண்டி ஓட்டத் தடையில்லை. மூன்று மாதம் கழித்து மீண்டும் படமெடுத்து, பழைய படத்தோடு ஒப்பிடச் சொல்லுங்கள். புள்ளிகள் மறைந்திருந்தாலும் பிரஷர் மாத்திரையைத் தொடருங்கள்.